வீடியோ விருந்து சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நண்பர்கள் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டில் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீடியோ காலில் சேர்ந்து சாப்பிடுவது அருமையான விஷயம், ஆனால் நிறையப் பேர் முதல் தடவையோடு விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "நெட் சரியில்லை" என்பார்கள். சில சமயம் அது உண்மைதான். பல சமயம் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: எட்டுப் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் மூன்று நான்கு பேச்சு தனித்தனியாக ஓடும், அத்தனையையும் ஒரே ஒரு ஆடியோ லைனுக்குள் திணிக்கப் பார்க்கிறோம். அதைச் சரிசெய்யாமல் ரவுட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் விருந்தில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை: தொல்லை எல்லோருக்கும் இருக்கிறதா, ஒருவருக்கு மட்டுமா? எல்லோர் படமும் உங்களுக்கு உறைந்து நிற்கிறது, மற்றவர்கள் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் கோளாறு உங்கள் வீட்டில். ஒருவர் படம் மட்டும் எல்லோருக்கும் உறைகிறது என்றால் அவர் வீட்டில். இதைக் கேட்காமலேயே எல்லோரும் சேர்ந்து வெளியே போய்த் திரும்ப உள்ளே வருவதில்தான் கால் மணி நேரம் போகிறது.

"லிங்க் வந்தது, உள்ளே வர முடியவில்லை"

பெரும்பாலும் இது காத்திருப்பு அறைதான். ஜூமில் வெயிட்டிங் ரூம் போட்டிருந்தால் விருந்துக்கு அழைத்தவர் ஒவ்வொருவராக அனுமதிக்க வேண்டும், அவரோ அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்பார், நண்பர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். தெரிந்தவர்கள் மட்டும் வரும் விருந்துக்குக் காத்திருப்பு அறையை எடுத்துவிட்டுப் பாஸ்கோடு மட்டும் வையுங்கள். ஜூமில் ஏதாவது ஒரு பாதுகாப்பு கட்டாயம் இருக்க வேண்டும், பாஸ்கோடு போதும், அது லிங்க்கிலேயே சேர்ந்து போய்விடும். கூடவே, அழைத்தவர் வருவதற்கு முன்பே மற்றவர்கள் உள்ளே வரலாம் என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். முதலில் வந்த இரண்டு பேர் உங்களுக்காகக் காத்திராமல் பேச ஆரம்பித்திருந்தால் விருந்து பாதி களை கட்டிவிட்டது என்று அர்த்தம்.

ஜிட்சி மீட் என்ற இலவச வீடியோ கால் சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. முன்பு யாரும் எந்தக் கணக்கும் இல்லாமல் அறை திறக்கலாம், 2023 முதல் அதன் பொதுத் தளத்தில் அறையைத் திறப்பவர் ஏதாவது ஒரு கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. எல்லோரும் "மாடரேட்டருக்காகக் காத்திருக்கவும்" என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் இதுவே.

உள்ளே வந்துவிட்டார், ஆனால் படம் கறுப்பு என்றால்: கேமராவின் மேல் இருக்கும் சின்ன மூடியைப் பாருங்கள், அப்புறம் வேறு ஏதாவது ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள், கடைசியாக பிரவுசரோ போனோ கேமரா அனுமதி கேட்டபோது "வேண்டாம்" என்று அழுத்திவிட்டாரா என்று பாருங்கள். இந்த வரிசையிலேயே பாருங்கள், மூடிதான் அதிகம்.

வீட்டில் பெரியவர் ஒருவரையும் சேர்க்கிறீர்கள், அவருக்குப் புது ஆப் எதுவும் பழக்கமில்லை என்றால், அவர் தினமும் பயன்படுத்துகிற ஆப்பிலேயே எல்லோரும் கூடிவிடுங்கள். வாட்ஸ்அப் வீடியோ காலில் 32 பேர் வரை சேரலாம். ஒருவருக்குப் பாடம் நடத்துவதைவிட மற்றவர்கள் இறங்கி வருவது எளிது.

சாப்பாடு எடுக்கும் நேரத்தில் மட்டும் படம் உறைகிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது

இது விருந்துக்கே உரிய கோளாறு, அலுவலக மீட்டிங்கில் அதிகம் வராது. அதுவரை நன்றாக ஓடிய கால் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் தடுமாறுகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால் உங்கள் மைக்ரோவேவ் அடுப்பைப் பாருங்கள். அது சூடாக்குவது சுமார் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளால். வைஃபையின் பழைய அலைவரிசையும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான், புளூடூத் ஹெட்செட்டும் அங்கேதான் ஓடுகிறது. அடுப்பின் கதவு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் அலை கசியும். உடம்புக்கு ஒன்றும் ஆகாத அளவு அது, ஆனால் வைஃபை அதைவிடப் பலமடங்கு மெல்லிய சிக்னல் என்பதால் தத்தளித்துவிடும்.

தீர்வு சுலபம். போனையோ லேப்டாப்பையோ ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றுங்கள். பல வீடுகளில் ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை காட்டும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும், அது செல்போன் 5ஜி இல்லை, இந்த அலைவரிசைதான். சுவர் தாண்டினால் இதன் வலு சீக்கிரம் குறையும், அதனால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே மேசை போடுவது நல்லது. அதுவும் முடியாதென்றால் கால் ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சூடாக்கி மூடி வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டு நேரம் என்றில்லாமல் எப்போதுமே உறைகிறதா? அப்படியானால் இணைப்பின் வேகத்தைப் பார்க்க வேண்டும், அதிலும் பதிவேற்ற வேகத்தை. விளம்பரங்களில் சொல்வது பதிவிறக்க வேகம், உங்கள் முகமும் குரலும் போவது பதிவேற்றத்தில். ஜூம் சொல்லும் கணக்குப்படி குழுவாகப் பேசும்போது நல்ல தரத்தில் உங்கள் படம் போக நொடிக்கு 1 மெகாபிட் வேண்டும், 720 பிக்சல் தரத்தில் போக 2.6 மெகாபிட் வேண்டும். குரலுக்கு மட்டும் 60 முதல் 80 கிலோபிட் போதும். இந்த வித்தியாசத்தைப் பாருங்கள், வழி அதிலேயே இருக்கிறது: செட்டிங்ஸில் எச்டி வீடியோவை அணைத்துவிடுங்கள், அப்படியும் திணறினால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் தொடருங்கள். சாப்பாட்டு மேசையில் முகம் மங்கலாகத் தெரிந்தால் யாருக்கும் குறை இல்லை. குரல் பாதி வார்த்தையில் வெட்டுப்பட்டால்தான் எல்லோரும் களைத்துப்போகிறார்கள்.

வீட்டில் வேறு யாராவது போனில் படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதிவேற்றத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது அதுதான்.

நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது

இதில் எல்லோரும் தவறான ஆளைப் பிடிக்கிறார்கள். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவர் கருவியில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. உங்கள் குரல் இன்னொருவர் வீட்டு ஸ்பீக்கரில் வந்து, அவர் மைக் வழியாகவே உங்களிடம் திரும்பி வருகிறது. ஆகவே "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிம்மதியாகச் சொல்கிறவரை முதலில் பாருங்கள்.

கண்டுபிடிக்க: ஒருவர் நிறுத்தாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கட்டும், மற்றவர்கள் ஒவ்வொருவராக மியூட் செய்யட்டும். யார் மியூட் செய்ததும் எதிரொலி நிற்கிறதோ அவர் வீடு. அவர் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாலோ இயர்போன் போட்டாலோ தீர்ந்தது.

ஊளையிடுகிற மாதிரி கிறீச்சென்று ஏறிக்கொண்டே போகும் சத்தம் என்றால் ஒரே வீட்டில் இரண்டு கருவிகள் காலில் இருக்கின்றன. கணவன் லேப்டாப்பில், மனைவி போனில், இரண்டும் ஒரே மேசையில். அல்லது தட்டை மேலிருந்து காட்டுவதற்காக இரண்டாவது போனை இணைத்திருப்பார்கள். இரண்டாவது கருவியில் மைக்கை மட்டும் அணைத்தால் போதாது, ஸ்பீக்கரையும் அணைக்க வேண்டும். ஜூமில் அந்தப் போனை ஆடியோவிலிருந்தே துண்டித்துவிடலாம், அதுதான் சுத்தமான வழி.

ஸ்பூன் சத்தம் இடி மாதிரி கேட்கிறது

லேப்டாப்பின் மைக் பெரும்பாலும் அதன் உடம்பிலேயே இருக்கிறது, அந்த உடம்பு மேசை மேல் இருக்கிறது, தட்டும் அதே மேசை மேல்தான். நீங்கள் ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் வைக்கும்போது அந்த அதிர்வு மரம் வழியாக நேரே மைக்குக்குப் போகிறது. எதிரே இருப்பவருக்கு அது காதருகே சுத்தியல் அடித்த மாதிரி இருக்கும், உங்களுக்கோ ஒன்றுமே தெரியாது. லேப்டாப்புக்கு அடியில் ஒரு துவாலையை நான்காக மடித்துப் போடுங்கள். தட்டுக்கு அடியிலும் தடிமனான துணி விரிப்பு. இவ்வளவுதான், பாதிச் சத்தம் காணாமல் போகும். மீதிப் பாதிக்கு, வாய்க்கு அருகில் மைக் இருக்கும் இயர்போன் போடலாம், ஆனால் மெல்லும் சத்தம் அதில் அதிகமாகக் கேட்கும், அதனால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துக்குப் பக்கமாகத் தள்ளிக்கொள்ளுங்கள்.

ஜூமில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறது, லோ, மீடியம், ஹை என்று அளவு தேர்ந்தெடுக்கலாம். ஹை போட்டால் தட்டுச் சத்தம் போய்விடும். கூடவே சிரிப்பும் போய்விடும். இதைக் கவனித்திருக்கிறீர்களா? நன்றாக ஒரு கதை சொல்லி முடிக்கிறார் நண்பர், எல்லோர் தோளும் குலுங்குகிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் மட்டும் துண்டு துண்டாக வருகிறது. பேச்சு போல இல்லாத எதையும் இரைச்சல் என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதால் வரும் வினை. அதனால் விருந்துக்கு லோ அல்லது மீடியத்துக்கு மேல் போகாதீர்கள்.

அதே காரணத்துக்காகத்தான் "எல்லோரும் மியூட் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற விதியை நான் விருந்துக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. மியூட் போட்ட கூட்டத்தில் நகைச்சுவை சொன்னால் சுவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும், அடுத்த தடவை அவர் சொல்லவே மாட்டார். குழந்தை அழுகிறது, மிக்ஸி ஓடுகிறது என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் மியூட். ஜூமில் கணினியில் மியூட் போட்டிருந்தாலும் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குரல் போகும், விட்டால் நின்றுவிடும். ஒரு கையில் சாப்பிடுகிறவருக்கு இது நல்ல வசதி.

ஒருவர் பேச வாயெடுத்தால் இன்னொருவரும் எடுக்கிறார், அப்புறம் இருவருமே நிறுத்திவிடுகிறார்கள்

"நீ சொல்லு." "இல்ல இல்ல, நீ சொல்லு." அமைதி. பிறகு இருவரும் மறுபடியும் ஒரே நேரத்தில்.

இதில் யாருடைய மரியாதைக் குறைவும் இல்லை, கருவிக் கோளாறும் இல்லை. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி மிகச் சிறியது. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அது சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. இணையத்தில் குரல் போய்ச் சேரவே அதற்கு அருகில் நேரம் ஆகிவிடலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் குரல் அழைப்புக்கு ஒருபக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கண்டம் தாண்டிப் பேசும்போது, அதுவும் வைஃபையில், புளூடூத் ஹெட்செட்டோடு, இந்த எல்லையைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆகவே உங்கள் காதுக்கு "அவர் முடித்துவிட்டார்" என்று படும் நேரத்தில் இன்னொருவர் ஏற்கெனவே தொடங்கியிருப்பார், அது உங்களுக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

முதலில் தாமதத்தைக் குறையுங்கள். புளூடூத்தை விட்டு வயர் உள்ள இயர்போன், முடிந்தால் ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேரே கேபிள். பழைய புளூடூத் ஹெட்செட்டுகளில் மைக்கை இயக்கியதும் ஒலித் தரமே சரிந்து எல்லோர் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும், அதுவும் வயர் போட்டால் தீரும்.

ஆனால் எவ்வளவு குறைத்தாலும் கொஞ்சம் தாமதம் இருக்கும், அதற்குப் பழக்கம்தான் மருந்து. கேள்வியைப் பொதுவாக வீசாதீர்கள். "எல்லோரும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் ஆறு பேர் ஒன்றாக வாய் திறப்பார்கள், அல்லது ஆறு பேரும் சும்மா இருப்பார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். பேசி முடித்தவரே அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கைமாற்றினால் இன்னும் நல்லது. கொஞ்சம் செயற்கையாகத் தோன்றும், இரண்டாவது தடவை பழகிவிடும்.

ஒருவரே பேசுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்

விருந்தைக் கொல்வது இதுதான். மேலே சொன்ன கோளாறுகள் எரிச்சல் தரும், ஆனால் மறந்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை முழுதாகச் சொல்லாமல் போனவர் அடுத்த முறை "அன்னிக்கு வேலை இருக்கு" என்பார். அவரை ஒருமுறை கவனித்துப் பாருங்கள்: திரையின் கீழ் மூலைக் கட்டத்தில் இருப்பார், எதையோ சொல்ல மூச்சை இழுப்பார், உடம்பு கொஞ்சம் முன்னால் வரும், அதற்குள் வேறொருவர் தொடங்கிவிடுவார், வாய் மூடிக்கொள்ளும், உதட்டில் ஒரு சிரிப்பு மட்டும் நிற்கும். இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்றாவது தடவை முயற்சி செய்யமாட்டார். அப்புறம் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். யாரும் அவரை ஒதுக்கவில்லை, அவர் மனதில் மட்டும் ஒதுக்கப்பட்ட மாதிரி இருக்கும்.

கூட்டத்தை வாயாடி என்றோ அவரைக் கூச்சக்காரர் என்றோ முடிவுகட்ட வேண்டாம். பேச்சுக்கே ஓர் அளவு இருக்கிறது. மனிதக் குழுக்களை ஆராயும் ராபின் டன்பாரும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பாகக் கூடிப் பேசுகிறவர்களைக் கவனித்தபோது ஒரே பேச்சில் சேர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நான்கு பேருக்குள்தான் இருந்தார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாகப் பிரியும். நேரில் அது தானாக நடக்கிறது: பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னால் போதும். வீடியோ காலில் பக்கத்து நாற்காலி என்று ஒன்று கிடையாது, தாழ்ந்த குரலும் கிடையாது. நீங்கள் சொல்கிற ஒவ்வொன்றும் மேடையில் நின்று சொல்வது போல எல்லோருக்கும் போகிறது. கூச்சமில்லாதவர்கூட மேடையில் அப்படிப் பேசமாட்டார், "உப்பு கொஞ்சம் அதிகம்" என்பதற்காக ஆறு பேரை நிறுத்தி வைக்க யாருக்கு மனம் வரும்? விருந்துப் பேச்சில் பாதி அந்த மாதிரிச் சின்னச் சின்ன வார்த்தைகள்தான், ஒரே லைனில் ஓடும் காலில் முதலில் செத்துப்போவதும் அவைதான்.

ஆகவே சரியான மருந்து ஆள் எண்ணிக்கை. நாலு பேர் என்றால் எந்த ஏற்பாடும் வேண்டாம், அப்படியே சாப்பிடுங்கள். ஐந்து, ஆறு வரை பெயர் சொல்லி அழைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் பிரித்தே ஆக வேண்டும்.

ஜூமில் பிரேக்அவுட் ரூம், அதாவது ஒரே காலைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கும் வசதி, இலவசக் கணக்கிலும் இருக்கிறது, முதலில் இணையத்தில் கணக்கு செட்டிங்ஸில் போய் இயக்கிவிட வேண்டும், அறைகளைக் கணினியிலிருந்து உருவாக்குவது வசதி. உருவாக்கும்போது மூன்று வழி கேட்கும்: தானாகப் பிரிப்பது, நீங்களே பிரிப்பது, வந்தவர்களே அறையைத் தேர்ந்தெடுப்பது. கடைசி வழியைத்தான் நான் சொல்வேன். நான்கைந்து அறைகளைத் திறந்து வைத்துவிட்டால் யார் எந்த அறையில் என்று எல்லோருக்கும் பெயரோடு தெரியும், விரும்பியவர் விரும்பிய இடத்துக்கு எழுந்து போகலாம். பழைய நண்பர்கள் இருவர் தனியாகப் பத்து நிமிடம் பேச ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. வந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றால் மட்டும் முதல் சுற்றை நீங்களே பிரியுங்கள், அறைக்கு மூன்று நான்கு பேர், ஒவ்வோர் அறையிலும் ஏற்கெனவே பழகிய இருவராவது இருக்கட்டும், கணவன் மனைவியை வேறு வேறு அறையில் போடுங்கள். இருபது நிமிடத்துக்குக் குறைவாகப் பிரிக்காதீர்கள், பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் கூப்பிட்டால் எரிச்சல்தான் வரும்.

பிரித்த பிறகு அழைத்தவர் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். வகுப்பறையில் ஆசிரியர் நுழைந்த மாதிரி பேச்சு நின்றுவிடும். நீங்களும் ஓர் அறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் இந்த வசதி இல்லை. பரவாயில்லை, இரண்டு தனி லிங்க் உருவாக்கி இரண்டையும் குழுவில் போட்டுவிடுங்கள், முதல் உணவுக்கு ஒரு லிங்க்கில் எல்லோரும், அடுத்ததற்கு பாதிப் பேர் மற்ற லிங்க்கில், இனிப்புக்கு மறுபடியும் ஒன்றாக. கையால் செய்கிற வேலைதான், ஆனால் நன்றாக நடக்கும்.

பாதியில் கால் துண்டானது

ஜூம் இலவசக் கணக்கில் கூட்டத்துக்கு 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம், இருவர் மட்டும் என்றால் 24 மணி நேரம் வரை. யாரோ ஒருவரிடம் கட்டணக் கணக்கு இருந்தால் அவரை அழைப்பாளராகப் போடுங்கள். இல்லையென்றால் வெட்டுப்படும் நேரத்தையே இடைவேளையாக வைத்துக்கொண்டு, அடுத்த லிங்க்கை முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். வார்த்தை பாதியில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

உங்கள் போனுக்கு வேறு அழைப்பு வந்து விருந்து அறுந்தால், தொந்தரவு செய்யாதே முறையை இயக்கிவிடுங்கள். போன் சூடாகி மங்கினால் உறையைக் கழற்றுங்கள், சார்ஜில் போட்டபடியே ஓட்டுவதைவிட முன்பே முழுதாக ஏற்றி வைப்பது நல்லது.

ஒருவர் சாப்பிட்டு முடித்துவிட்டார், இன்னொருவர் இன்னும் சமைக்கிறார்

"எட்டு மணிக்கு விருந்து" என்று மட்டும் சொன்னால் ஒருவர் எட்டுக்குத் தட்டோடு உட்காருவார், ஒருவர் எட்டுக்குத்தான் வெங்காயம் உரிப்பார். இரண்டு நேரம் சொல்லுங்கள்: காலில் சேரும் நேரம், முதல் வாய் சாப்பிடும் நேரம். நடுவில் கால் மணி நேரம் போதும், லிங்க் தகராறு, கேட்கிறதா தெரிகிறதா எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். அந்த நேரம் வந்ததும் யாருக்காகவும் நிறுத்தாமல் சாப்பிட ஆரம்பியுங்கள்.

சமைத்ததை மூடி வைத்துவிட்டுத் தாமதமாக வருகிறவருக்காகக் காத்துக்கொண்டே இருப்பது நல்லதும் இல்லை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வையுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எல்லோரும் ஒரே உணவைச் சேர்ந்து சமைக்கலாம் என்ற திட்டம் கேட்க நன்றாக இருக்கும், நடப்பில் ஒருவர் அடுப்பு வேகமாக எரியும், ஒருவரிடம் பெரிய பாத்திரம் இருக்காது, எல்லோரும் மெதுவானவருக்காக நிற்பார்கள். வெட்டுவது, ஊறவைப்பது எல்லாம் முன்பே முடித்துவிட்டு, கடைசிப் பத்து நிமிட வேலையை மட்டும் சேர்ந்து செய்யுங்கள்.

நேர மண்டலம் வேறு என்றால் இன்னொரு சிக்கல். ஒருவருக்கு இரவு உணவு, ஒருவருக்குக் காலை உணவு. ஒரே பதார்த்தம் எல்லோர் தட்டிலும் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், அவரவர் வேளைக்கு ஏற்றதைச் சாப்பிடட்டும். நேரத்தைக் கையால் கணக்குப் போட்டுச் சொல்வதைவிட நாட்காட்டி அழைப்பாக அனுப்புங்கள், அது தானாக மாற்றிக் காட்டும். முக்கியமாக மார்ச்சில்: அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் தப்பும், ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்திருப்பார். இலையுதிர் காலத்திலும் ஒரு வாரம் இதே கதைதான்.

முகம் தெரியவில்லை, கூரையும் மூக்கும்தான் தெரிகிறது

நான்கு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் லேப்டாப். கேமரா கண் உயரத்துக்கு வரவேண்டும். வெளிச்சம் முகத்துக்கு முன்னால், முதுகுக்குப் பின்னால் ஜன்னலோ விளக்கோ வேண்டாம். அப்புறம் நாற்காலியைப் பின்னால் தள்ளுங்கள், தட்டும் கைகளும் படத்துக்குள் வரும் வரைக்கும். சேர்ந்து சாப்பிடும் உணர்வு வருவது எதிரே இருப்பவரின் கை தட்டுக்குப் போய் வாய்க்கு வருவதைப் பார்க்கும்போதுதான், தலை மட்டும் தெரிந்தால் அது மீட்டிங். தண்ணீர் டம்ளரை லேப்டாப்புக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

பாட்டுப் போட்டால் யாருக்கும் கேட்கவில்லை

ஜூமில் திரையைப் பகிரும் ஜன்னலில் ஷேர் சவுண்ட் என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்திருப்பீர்கள். கூகுள் மீட்டில் முழுத் திரையைப் பகிராமல் குரோம் டேபை மட்டும் பகிருங்கள், டேப் ஆடியோவும் கூடப் போகும். ஆனால் சாப்பிடும்போது பின்னணியில் பாட்டு வேண்டாம் என்பது என் கருத்து, பேச்சோடு கலந்து எதுவும் புரியாமல் போகும். இடைவேளையில் போடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் எல்லோரும் சோர்ந்துவிடுகிறார்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பைலன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் இதற்கு நான்கு காரணம் சொன்னார்: மிக நெருக்கத்தில் இடைவிடாமல் கண்கள், நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசைய முடியாமை, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளைக்குக் கூடுதல் வேலை. விருந்தில் முதல் மூன்றையும் சுலபமாகக் குறைக்கலாம். ஜூமில் உங்கள் கட்டத்தின் மூன்று புள்ளியை அழுத்தி ஹைட் செல்ஃப் வியூ கொடுங்கள், மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு மட்டும் தெரியமாட்டீர்கள். சாப்பிடும்போது தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பிடிக்காது, இந்த ஒரு மாற்றத்துக்கே பலர் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். ஜன்னலைச் சிறிதாக்கினால் முகங்களும் சிறிதாகும். எழுந்து போய் இன்னொரு கரண்டி எடுத்து வருவது, கால் நீட்டுவது, குழந்தையைப் பார்த்துவிட்டு வருவது, இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் எல்லோரும் மரம் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு முன்பு வினாடி வினா, நடுவில் விளையாட்டு, பிறகு படம் என்று நிகழ்ச்சி நிரல் போடுவதும் சோர்வுதான். ஒன்று போதும்.

முடிக்கத் தெரியவில்லை

"சரி அப்புறம்..." என்று எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் போவதில்லை. முடியும் நேரத்தை அழைப்பிலேயே எழுதுங்கள், ஒன்றரை மணி நேரம் நல்ல அளவு. நேரம் வந்ததும் அழைத்தவரே சத்தமாகச் சொல்லட்டும், போகிறவர்கள் கையசைத்துப் போகலாம், பேச்சு ஓடுகிறவர்கள் இருக்கலாம். இதில் ஒரு பொத்தானைக் கவனிக்க வேண்டும். ஜூமில் அழைத்தவர் எண்ட் அழுத்தினால் எல்லோருக்கும் முடிப்பதா, தான் மட்டும் வெளியேறுவதா என்று கேட்கும், அவசரத்தில் முதலாவதை அழுத்திவிட்டால் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் இருவரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவீர்கள். லீவ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஹோஸ்ட்டாக அங்கே இருக்கப்போகிறவர் பெயரைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.